ஒன்பதாம் பாகம் மொபைலில் வருமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பாலக்கோட்டில் இருந்து எழுதுகிறேன். ஓசூர் சிப்காட்டில் வேலை. தினமும் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் நேரத்தில் மொபைலில் ‘டிராகன் குவெஸ்ட்’ என்ற ஜப்பானிய வீடியோ விளையாட்டு வரிசையை விளையாடி வருகிறேன். நான்கு, ஐந்து, ஆறு, எட்டு ஆகிய பாகங்களை முடித்துவிட்டேன். ஒன்பதாம் பாகம் நின்டெண்டோ டிஎஸ் என்ற பழைய கையடக்கக் கருவியிலேயே நின்றுவிட்டது. பெங்களூரில் இருக்கும் என் அண்ணனிடம் கருவியும் இருக்கிறது, அந்த விளையாட்டும் இருக்கிறது. “இதை எடுத்துப்போய் விளையாடு. பட்டன் உள்ள கருவிக்குச் செய்ததைக் கண்ணாடியைத் தடவி விளையாடுவதில் என்ன இருக்கிறது?” என்கிறார். எனக்கோ மொபைலிலேயே வரட்டும் என்று இருக்கிறது. நான் காத்திருப்பதில் அர்த்தம் உண்டா?

இப்படிக்கு,
ஒரு வாசகன், பாலக்கோடு

அன்புள்ள தம்பிக்கு,

காத்திருங்கள். தருமபுரியில் உட்கார்ந்து நானும் அதற்காகத்தான் காத்திருக்கிறேன். இதை எழுதும் நாள் வரை, இந்த வரிசையை வெளியிடும் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் மொபைல் பதிப்பை அறிவிக்கவில்லை என்பது தெரிந்தேதான் சொல்கிறேன்.

முதலில் அண்ணனுக்குப் பதில். நீங்கள் முடித்த நான்கும் ஐந்தும் ஆறும் மொபைலுக்கு வந்ததே டிஎஸ் பதிப்புகளில் இருந்துதான். டிஎஸ்ஸில் மேலும் கீழுமாக இரண்டு திரைகள். மொபைலை நிமிர்த்திப் பிடித்தால் கிட்டத்தட்ட அதே உயரம் கிடைத்துவிடுகிறது. கட்டைவிரல் ஒன்று போதும். மறு கை பஸ் கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியமானது நான்காம் பாகத்தில் நடந்தது. கூட வருபவர்கள் ஊருக்கு ஊர் தங்களுக்குள் பேசிக்கொண்டே வரும் உரையாடல்கள் ஆங்கில டிஎஸ் பதிப்பில் இல்லை. ஜப்பானியர்களுக்கு மட்டும் கிடைத்தன. 2014இல் மொபைல் பதிப்பு வந்தபோதுதான் அவை ஆங்கிலத்திலும் கிடைத்தன. இளவரசி அலேனாவின் மேல் உடன்வரும் பாதிரியார் கிரில் வைத்திருக்கும் பிரியம் எவ்வளவு ஆழமானது என்பது அந்தப் பேச்சுகளைப் படித்தால்தான் தெரியும். நீங்கள் படித்துவிட்டீர்கள். அண்ணன் ஆங்கில டிஎஸ்ஸில் விளையாடியிருந்தால் அவருக்கு அது கிடைத்திருக்காது. எட்டாம் பாகத்தில் இதற்கு நேர்மாறாக நடந்ததையும் மறைக்கக் கூடாது. குரல் நடிப்பு மொபைலில் காணாமல் போனது. ஆகவே மொபைல் என்றாலே குறை என்றும் சொல்ல முடியாது, நிறை என்றும் சொல்ல முடியாது. செய்பவர்கள் எவ்வளவு அக்கறை காட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

ஒன்பதாம் பாகத்தின் சண்டை விரலுக்கு ஒத்துவருமா என்ற கவலையும் வேண்டாம். 2006 டிசம்பரில் அறிவித்தபோது நேரடியாக வாள் வீசும் விளையாட்டாகத்தான் காட்டினார்கள். ரசிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதன் பிறகு கட்டளை கொடுத்துவிட்டு நம் முறைக்குக் காத்திருக்கும் பழைய வழிக்கே திரும்பி, 2009 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்டார்கள். அவசரமே இல்லாத சண்டை அது. ராயக்கோட்டைச் சாலையின் குலுக்கலிலும் விளையாடலாம்.

நான் காத்திருப்பதற்குக் காரணம் வேறு. இந்த விளையாட்டில் எதிர்ப்படுபவரைச் சந்திக்கும் வசதி ஒன்று இருந்தது. அதை இயக்கிவிட்டு டிஎஸ்ஸை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். அதே விளையாட்டைப் பையில் வைத்திருக்கும் இன்னொருவர் பக்கத்தில் கடந்துபோனால் இரண்டு கருவிகளும் தாமாகவே பேசிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் முகம் தெரியாத அந்த மனிதரின் நாயகன் விளையாட்டுக்குள் இருக்கும் உங்கள் விடுதியில் விருந்தாளியாக நிற்பான், தனக்கென்று எழுதிய ஒரு வரி வாழ்த்துடன். கூடவே ஒரு புதையல் வரைபடமும் கொண்டுவந்திருப்பான். அதில் முதலில் கண்டுபிடித்தவரின் பெயர் இருக்கும்.

டோக்கியோவின் அகிஹபாராவில் இதற்காகவே மக்கள் கூடி நின்றார்கள். அனுபவப் புள்ளிகளை அள்ளித் தரும் உலோக அரசச் சேற்றுயிரி (மெட்டல் கிங் ஸ்லைம்) என்ற அரிய எதிரி ஒன்று உண்டு. சாதாரணமாகக் கண்ணில் படாது, பட்டாலும் ஓடிவிடும். புதையல் நிலவறையின் ஒரு தளம் முழுக்க அது மட்டுமே தோன்றும் வரைபடம் ஒருவருக்குக் கிடைத்தது. அவர் அதைப் பிறருக்குக் கொடுக்க, அவர்கள் மேலும் பலருக்குக் கொடுக்க, அவருடைய பெயராலேயே அது ஜப்பான் முழுக்கப் பரவியது. இப்படிப்பட்ட சந்திப்புகள் பத்துக் கோடியைத் தாண்டி கின்னஸ் சாதனையாகவும் பதிவாயின.

இதே விளையாட்டைத் தருமபுரி பஸ் நிலையத்தில் பையில் வைத்துக்கொண்டு எத்தனை முறை நடந்தால் ஒருவர் எதிர்ப்பட்டிருப்பார்? அரூரிலோ பென்னாகரத்திலோ டிஎஸ் வைத்திருந்தவர் எவரேனும் இருந்திருந்தாலும் அவர் தனியாகத்தான் இருந்திருப்பார். விளையாட்டின் பாதி நம் ஊர்களில் திறக்கப்படவே இல்லை. கருவியின் விலை ஒரு தடை, அது கடைகளுக்கு வராதது இன்னொரு தடை. கூட்டம் இல்லாததே பெரிய தடை. மொபைலோ இன்று தக்காளி மண்டியில் கூடை இறக்குபவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. ஓசூருக்குப் போகும் உங்கள் பஸ்ஸிலேயே நாற்பது மொபைல்கள் இருக்கும். அதில் இருவர் விளையாடினாலும் போதும், பாலக்கோட்டுக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவில் ஒரு வரைபடம் கைமாறும். இந்தப் பாகம் மொபைலில் வருவது மற்ற பாகங்கள் வந்ததைப் போன்றதல்ல என்று நான் நினைப்பது இதனால்தான்.

செய்வது எளிதல்ல என்பதும் தெரியும். பின்னணியில் ஓடும் செயலிகளை மொபைல்கள் பேட்டரிக்காக நிறுத்திவிடும். டிஎஸ்ஸைப் போல மூடிப் பையில் போட்டுவிட்டுக் காத்திருக்க முடியாது. ஆனால் வழி இருக்கிறது. டீக்கடையில் பணம் கொடுக்கக் காட்டும் கியூஆர் குறியைப் போலவே வரைபடத்தையும் ஒருவர் காட்ட, மற்றவர் பிடித்துக்கொள்ளலாம். முகம் பார்த்துச் சிரித்துக் கொடுப்பது எனக்கு இன்னும் பிடிக்கும். இணையம் வழியாக வாரா வாரம் திறந்த கடையையும் கூடுதல் பணிகளையும் உள்ளேயே வைத்துத் தர வேண்டும். 2014 மே மாதம் நின்டெண்டோ இவற்றுக்கான இணையச் சேவையை மூடியதில் இருந்து, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒருமுறை காசு கொடுத்து வாங்கும் விளையாட்டாகவே இது வர வேண்டும். வரைபடங்களைச் சீட்டுக் குலுக்கலாக்கி, குலுக்கலுக்குக் குலுக்கல் பணம் பிடுங்கும் வடிவில் வருமானால், வராமலே இருக்கட்டும். ஒருவர் கண்டுபிடித்து இன்னொருவருக்கு இலவசமாகக் கொடுத்ததுதான் இந்த விளையாட்டின் உயிர்.

அதுவரை அண்ணனின் கருவியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அடுத்த முறை பெங்களூர் போகும்போது வாங்கி வாருங்கள். தேவலோகத்தில் இருந்து இறக்கையை இழந்து ஒரு சிற்றூரின் அருவியில் வந்து விழும் நாயகனின் கதை டிஎஸ்ஸிலும் முழுமையாகவே இருக்கிறது. ஆனால் இந்த விளையாட்டில் சேமிக்க ஒரே ஓர் இடம்தான் உண்டு. நீங்கள் புதிதாகத் தொடங்கிச் சேமித்தால் அண்ணனுடையது அழிந்துவிடும். தொடங்குமுன் அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவருடைய சேமிப்பைத் திறந்து, விருந்தாளிகள் வந்து நிற்கும் அந்த ஸ்டார்ன்வே நகர விடுதிக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். பெங்களூர் மெட்ரோவிலோ அலுவலகத்திலோ எப்போதாவது யாராவது அவரைக் கடந்துபோயிருந்தால் அந்த விருந்தாளி இன்னும் அங்கேதான் நிற்பார். யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.