மூன்று ஆல்பா வந்துவிட்டது, கொத்து என்று எழுதலாமா?

முதுநிலை இயற்பியல் மாணவி ஒருவர் கேட்கிறார்: "ப்ராஜெக்டுக்காக ஒரு முடுக்கி மையத்தின் தரவு கிடைத்தது. கார்பன்-12 உடைந்து மூன்று ஆல்பா துகள்கள் (ஒவ்வொன்றும் இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான் சேர்ந்தது) வந்துள்ளன. அணுக்கருவுக்குள் ஆல்பாக்கள் கொத்தாக இருந்தன என்று அறிக்கையில் எழுதலாமா?"

இப்போதைக்கு எழுதாதீர்கள். பானை உடைந்தால் ஓடுதான் கிடைக்கும். அதற்காகப் பானை ஓடு ஓடாகவே இருந்தது என்று சொல்வோமா? ஆல்பாவின் பிணைப்பு ஆற்றல், அதாவது அதை முழுதாகப் பிரித்தெடுக்கத் தேவையான ஆற்றல், 28.3 மெகா எலக்ட்ரான் வோல்ட். இவ்வளவு இறுக்கமான துகள் உடையும் நேரத்தில்கூட உருவாகி வெளியே வரலாம். அதனால் ஆல்பா வந்ததா என்பதைவிட எப்படி வந்தது என்பதைப் பாருங்கள்.

முதலில் மூன்றின் ஆற்றலையும் கோணத்தையும் வைத்து, அவற்றின் நிறைமையச் சட்டத்தில் (மூன்றின் மொத்த உந்தமும் சுழியாகத் தெரியும் பார்வையில்) மொத்த இயக்க ஆற்றலைக் கணக்கிடுங்கள். அதோடு, கார்பன் மூன்று ஆல்பாவாகப் பிரியத் தேவையான 7.27 மெகா எலக்ட்ரான் வோல்ட்டைக் கூட்டினால் கார்பனின் கிளர்வு ஆற்றல் (இயல்பு நிலைக்கு மேல் அதற்கு இருந்த கூடுதல் ஆற்றல்) வரும். 7.65 அருகே ஒரு கூர்முகடு தெரிகிறதா? அதுதான் ஹாயில் நிலை என்ற கார்பனின் கிளர்வு நிலை. விண்மீன்களில் கார்பன் உருவாக இப்படி ஒரு நிலை இருந்தே தீர வேண்டும் என்று வானியற்பியலாளர் பிரெட் ஹாயில் கணித்தார். அமெரிக்காவின் கால்டெக் ஆய்வகத்தில் 1953-இல் அதைக் கண்டார்கள். எனக்கு இன்றும் வியப்பு தீராத கதை இது.

அப்புறம் இரண்டிரண்டாக எடுத்து, அவற்றுக்கு இடையிலான சார்பு ஆற்றலை வரைபடமாக்குங்கள். 92 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் குவிந்தால், கார்பன் முதலில் ஓர் ஆல்பாவை விட்டு பெரிலியம்-8 ஆகி, பிறகு அது இரண்டாகியிருக்கிறது. அப்போது முதல் ஆல்பா மொத்த ஆற்றலில் ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்ளும். மூன்றும் ஒரே நேரத்தில் பிரிந்தால், அதாவது நேரடி உடைவு நடந்தால், இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பெரிலியத்திலிருந்து வரும் இரு ஆல்பாக்களும் மிக நெருக்கமாகப் பறக்கும். சிலிக்கான் உணர்கருவியின் ஒரே பட்டையில் இரண்டும் விழலாம். எந்த ஆற்றல் எந்தத் துகளுக்கு என்பது மாறிப்போனால், நேரடி உடைவு போலவே ஒரு போலி தோன்றும். உங்கள் கருவியின் வடிவமைப்பை அப்படியே வைத்து மான்டே கார்லோ உருவகம் (தற்செயல் எண்களைக் கொண்டு சோதனையைக் கணினியில் நடத்திப் பார்ப்பது) ஓட்டாமல் ஒரு எண்ணையும் நம்பாதீர்கள். 2017-இல் இரண்டு குழுக்கள் மிகக் கவனமாகத் தேடியும், ஹாயில் நிலையின் நேரடி உடைவு 0.05 சதவீதத்துக்கும் குறைவு என்ற மேல்வரம்பைத்தான் தர முடிந்தது. உங்கள் அறிக்கையிலும் ஒரு மேல்வரம்பு வந்தால் அது நல்ல முடிவுதான்.

சரி, உடைவதற்கு முன்பே உள்ளே ஆல்பா இருந்ததா என்பதற்கு வேறு சோதனை வேண்டும். ஜப்பானின் ஒசாகாவில் 392 மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான்களை வெள்ளீய ஐசோடோப்புகள்மீது மோதவிட்டார்கள். தனியாக நிற்கும் ஆல்பாவை அடித்தது போலவே, புரோட்டானும் ஆல்பாவும் சேர்ந்து வெளியே வந்தன. நியூட்ரான் கூடக் கூட அப்படி வருவது குறைந்தது. கனமான கருக்களின் மேற்பரப்பில் ஆல்பாக்கள் உருவாகின்றன என்ற கணிப்புக்கு இது பொருந்தியது, 2021-இல் வெளியிட்டார்கள். உங்கள் தரவு அந்த வகை அல்ல. ஆகவே "ஹாயில் நிலை பெரிலியம்-8 வழியாகச் சிதைகிறது" என்று எழுதி, மேல்வரம்பைப் பக்கத்தில் கொடுங்கள்.