கோவிவன் என்றொரு நாய்

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை)

இத்தாலி போய் வந்தீர்களே, அங்கே பொம்பெயி நகரில் மனதில் நின்றது எது? – ஊத்தங்கரை வாசகி

மாவு அரைக்கும் கல்தான், சிரிக்காதீர்கள். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்துச் சாம்பலில் புதைந்த ஊர் என்று 31 வருஷம் வகுப்பில் இரண்டே வரியில் சொல்லிக் கடந்தவள் நான். மகள் கூட்டிப்போனபோது, ஒரு ரொட்டிக் கடையில் எரிமலைக் கல்லில் செய்த திருகைகள் வரிசையாக நின்றன. கீழே கூம்பாக ஒரு கல். அதன் மேல் உடுக்கை மாதிரி இன்னொன்று. அதன் இடுப்பில் கட்டை செருகத் துளை. கழுதையைப் பூட்டிச் சுற்றவிடுவார்களாம். சில இடங்களில் அடிமைகளே தள்ளியிருக்கிறார்கள். அரைத்த மாவைச் சுட அங்கேயே அடுப்பு.

எல்லோரும் சுவரோவியம் பார்க்கப் போய்விட்டார்கள். நான் அந்தத் துளையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டு ராகித் திருகையில் கைப்பிடி எப்போதும் ஆடும். அம்மா பழைய சேலைத் துணியைச் சுற்றி அடித்து இறுக்குவார். ரெண்டு நாளில் மறுபடி ஆடும். இந்தக் கடைக்காரன் எதைச் சுற்றி இறுக்கினானோ! அதை எந்த வழிகாட்டியும் சொல்லவில்லை.

அங்கே ஒரு வீட்டு வாசலில் ‘நாய் ஜாக்கிரதை’ என்று எழுதியிருக்கிறதாமே? – பாலக்கோடு வாசகர்

இருக்கிறது. கறுப்பும் வெள்ளையுமான சின்னச் சின்னக் கற்களைப் பதித்து, சங்கிலி கட்டிய நாய் ஒன்றை வாசல் தரையிலேயே வரைந்திருக்கிறார்கள். கீழே ‘கவே கானெம்’ என்று லத்தீனில் எச்சரிக்கை. வந்தவர்கள் எல்லாம் படம் எடுத்தார்கள், நானும்தான். ஆனால் அந்த நாயின் பெயர் என்ன? அது எழுதப்படவில்லை.

நம் பக்கம் வாருங்கள். சிங்காரப்பேட்டை தாண்டினால் செங்கம் பகுதி. அந்த வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு நடுகல், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சி ஆண்டைச் சேர்ந்தது. எருமை மந்தைக்காகச் செத்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. கூடவே நாயையும் செதுக்கி, கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டு நாய், பெயரோடு நிற்கிறது! இதை நான் ஒரு மாணவனுக்கும் சொல்லித் தந்ததில்லை. பாடப்புத்தகத்தில் இல்லை என்பது என் சாக்கு.

நம் மாவட்டத்தில் பார்க்க என்ன இருக்கிறது? அணையைத் தவிரச் சொல்லுங்கள். – பர்கூர் வாசகர்

பர்கூர்க்காரர் கேட்கிற கேள்வியா இது? உங்கள் பக்கத்து மயிலாடும்பாறையில்தான் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-இல் அறிவித்தார்கள். மல்லச்சந்திரத்துக்கும் போங்கள். குன்றின் மேல் பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடிய கல்திட்டைகள். ஈமச்சின்னங்கள்தான், ஆனால் ஊர்வாயில் அவை பாண்டவர் வீடு. ஒரு பக்கப் பலகையில் வட்டமாக ஓட்டை இருக்கும். என் பேத்தி அதில் தலையை விட்டுப் பார்த்து, “பாட்டி, உள்ளே கிச்சன் எங்கே?” என்றாள். தண்ணீர் கையோடு கொண்டு போங்கள், வெயிலுக்கு முன் இறங்கிவிடுங்கள்.

ஊர் திரும்பியதும் முதலில் என்ன சாப்பிட்டீர்கள்? – தர்மபுரி வாசகி

ராகிக் களியும் கீரைக் கடைசலும். ராகி நம் மண்ணிலேயே பிறந்தது என்று பேசுகிறோம். அதுவும் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்திலிருந்து எப்போதோ வந்து சேர்ந்த பயிர்தான். வந்த களைப்பில் துடுப்பைச் சரியாகப் போடவில்லை, களி கட்டி தட்டிவிட்டது. இருபது நாள் ஓட்டல் சோறு சாப்பிட்ட என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் ரெண்டாவது உருண்டை கேட்டார்.