மை மீசையும் பத்து சதவீதமும்

கேள்வி: மார்க்ஸ் சகோதரர்களின் பழைய நகைச்சுவைப் படங்களை வரிசையாகப் பார்த்தேன். பாரமவுண்ட் படக் கம்பெனிக்கு நடித்த முதல் ஐந்தில் கடைக்குட்டி ஜெப்போ இருக்கிறார். அப்புறம் ஆளைக் காணோம். விசாரித்தால் நடிகர்களுக்கு ஏஜென்ட் ஆகிவிட்டாராம். நடிப்பு வராதவர்கள் கடைசியில் போய் ஒதுங்குகிற இடம்தானே இந்தக் கமிஷன் தொழில்?
– ஒரு வாசகர், தேனி

பதில்: நடிப்பு வராதவர் என்று உங்களுக்கு யார் சொன்னது? படத்தில் அவருக்குக் கொடுத்த வேலையைப் பார்த்து நீங்களாகவே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். குரோச்சோ ஓயாமல் வாயடிப்பார், ஹார்ப்போ வாயே திறக்காமல் ரகளை செய்வார், சிக்கோ இத்தாலியன் மாதிரி ஆங்கிலத்தைக் கொத்திப் போடுவார். இத்தனைக்கும் பிறகு நாலாவது ஆளுக்கு என்ன மிஞ்சும்? நல்ல கோட்டு சூட்டு, கொஞ்சம் காதல், அண்ணன் குரோச்சோ சொல்லச் சொல்லக் கடிதம் எழுதும் காரியதரிசி வேலை. அதைத்தான் அவர் செய்தார்.

சிகாகோவில் ஒருமுறை நாடகம் நடந்துகொண்டிருந்த சமயத்தில் குரோச்சோவுக்குக் குடல்வால் அழற்சி வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். ஜெப்போ கறுப்பு மையை எடுத்து மூக்குக்குக் கீழே அண்ணனுடைய அந்தப் பட்டை மீசையை வரைந்துகொண்டார். கண்ணாடி, சுருட்டு, முன்னால் குனிந்த அந்த நடை. அண்ணன் வசனம் முழுவதையும் பேசி முடித்தார். ஜனங்கள் வழக்கம்போலச் சிரித்தார்கள். ஆள் மாறியதே பலருக்குத் தெரியவில்லை. மறுபடி கோட்டு சூட்டுக்குத் திரும்பியபோது அவர் நிலைமை என்ன தெரியுமா? அண்ணன்மார் மூவரும் பங்குதாரர்கள், தம்பி சம்பளக்காரர். ஒரு நட்சத்திரத்தின் விலையில் ஆளுக்கு எவ்வளவு, மீசைக்கு எவ்வளவு என்று இவரைவிட நன்றாக யாருக்குத் தெரிந்திருக்கும்?

கமிஷன் என்றால் உங்களுக்கு ஏன் இந்த இளக்காரம் என்று புரிகிறது. ஆனால் இவர்கள் வளர்ந்த வாடவில் மேடையில் அது எப்படி நடந்தது என்று பாருங்கள். பாட்டு, கோமாளித்தனம், கழைக்கூத்து, பழக்கிய நாய் என்று பத்து இருபது நிமிடத் துண்டுகளாகப் போகிற பல்சுவைக் காட்சி அது. ஊர் ஊராகத் தியேட்டர்களைக் கோர்த்துவிட்ட சர்க்யூட்டில் இடம் கிடைத்தால்தான் சோறு. பெரிய சர்க்யூட்டுக்கு முதலாளி ஆல்பி என்பவர். நடிகர்களை அமர்த்துகிற யுனைடெட் புக்கிங் ஆபீசும் அவர் கையில்தான். நடிகரின் கூலியில் 5 சதவீதம் அந்த ஆபீசுக்கு, 5 சதவீதம் ஏஜென்டுக்கு. ஏஜென்டின் பங்கையும் ஆபீசே பிடித்து, அதிலும் ஒரு பகுதியை வைத்துக்கொண்டு மீதியைத்தான் கொடுக்கும். அதாவது தியேட்டர்காரரே தன் தியேட்டரில் வேலை கொடுத்ததற்குத் தரகும் வாங்கிக்கொண்டார்! முறைத்துக்கொண்ட ஏஜென்ட் அந்த ஆபீசுக்குள் கால் வைக்க முடியாது. முறைத்துக்கொண்ட நடிகருக்கு மேடை இல்லை. 1922-ல் ஆல்பியின் அனுமதி வாங்காமல் லண்டனுக்குப் போய் ஆடிவிட்டு வந்ததற்காக மார்க்ஸ் சகோதரர்களே அப்படிக் கதவடைப்புக்கு ஆளானார்கள். ஜெப்போ அப்போது குழுவில் இருந்தார். நடிகர் பக்கம் நின்று பேசுகிற ஏஜென்ட் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இருபத்தொரு வயதிலேயே பார்த்தாயிற்று.

தவிர, அந்த வீட்டில் ஏஜென்ட் என்பது தோற்றவர் வேலை அல்ல, அம்மா வேலை. பிள்ளைகளை மேடையேற்றியதும், சிகாகோவில் உட்கார்ந்துகொண்டு அவர்களுக்கு ஊர் ஊராக இடம் பிடித்ததும் தாய் மின்னிதான். தொழிலுக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் மின்னி பால்மர். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு பிரபல நடிகை இருந்தார். குழம்புகிறவர்கள் குழம்பட்டும் என்று விட்டுவிட்டார், கெட்டிக்காரி. 1918-ல் நாலாவது மகன் கம்மோ பட்டாளத்துக்குப் போனதும், இயந்திரங்களோடு மல்லாடிக்கொண்டிருந்த கடைசிப் பையனை இழுத்து அந்தக் காலி இடத்தில் நிறுத்தியதும் அவரேதான். ஜெப்போ மேடைக்கு வந்தது ஆசைப்பட்டு அல்ல.

பதினாறு வருடம் கழித்து, 1934-ல், அவர் விலகினார். எடுபிடியாக நின்று அலுத்துவிட்டது, என் இடத்தில் யார் நின்றாலும் இதே வேலை நடக்கும் என்ற பொருளில் குரோச்சோவுக்கு எழுதினார். தன்னைப் பற்றியே இப்படி உணர்ச்சிவசப்படாமல் கணக்குப் போட முடிகிறவன்தான் அடுத்தவன் சம்பளத்தைப் பேசத் தகுதியானவன் என்பது என் கட்சி. பிறகு ஏஜென்ட் ஆனார். அவருடைய ஏஜென்சி சீக்கிரமே ஹாலிவுட்டின் பெரிய ஏஜென்சிகளில் ஒன்றானது. நடிகை பார்பரா ஸ்டான்விக் அவரை நம்பி வந்தவர்களில் ஒருவர். இருவரும் கூட்டாகக் குதிரைப் பண்ணையே வைத்தார்கள். பெயரில் பாதி இவருடையது, பாதி அவருடையது: மார்விக். உடை வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்ட கம்மோவும் வந்து சேர்ந்தார். படத்தில் முகமே காட்டாத இந்த கம்மோதான் பிற்காலத்தில் குரோச்சோவின் விவகாரங்களைப் பார்த்துக்கொண்டவர்.

ஜெப்போவை உத்தமர் என்று சொல்ல வரவில்லை. சூதாட்ட மேசையில் அவர் விட்ட பணம் கொஞ்சநஞ்சமல்ல. பழைய இயந்திரப் பித்தும் விடவில்லை. 1941-ல் மார்மன் என்ற பட்டறை தொடங்கினார். அதன் பெயரைத் தாங்கிய மார்மன் பிடிவளையம், ராக்கெட்டோடு செயற்கைக்கோளைப் பிணைத்து வைக்கும் வேலைக்கு இன்றும் பயன்படுகிறது.

கடைசியாக ஒன்று. ஜெப்போ விலகியதும் எம்ஜிஎம் தயாரிப்பாளர் தால்பெர்க், நாலு பேர் மூன்று பேராகிவிட்டீர்களே, சம்பளம் குறையும்தானே என்று கேட்டாராம். ஜெப்போ இல்லாவிட்டால் எங்கள் விலை இரட்டிப்பு என்றாராம் குரோச்சோ. இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் அடுத்ததைச் சொல்வதில்லை. தால்பெர்க் 1936-ல் காலமானார். 1938-ல் ஆர்கேஓ கம்பெனிக்கு அந்த மூவரும் ஒரு படம் நடித்துக் கொடுத்தார்கள். அதற்கு விலை பேசப் போனவர் ஜெப்போ.