ஷெட்டில் கிடக்கும் ஹெரால்டு – கடிதம்

அன்புள்ள அண்ணா,

போன வாரம் நீங்கள் போட்டிருந்த படத்தைப் பார்த்தேன். புல்வெளியில் வரிசையாகப் பழைய பிரிட்டிஷ் கார்கள், நடுவில் உங்கள் வெளிர்நீல டிரையம்ஃப் ஹெரால்டு. எங்கள் வீட்டிலும் ஒரு ஹெரால்டு இருக்கிறது. அப்பா வாங்கிய நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1969 மாடல். செங்கல்பட்டு வீட்டு ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிறது. அப்பா போனபிறகு பதினோரு வருஷமாக யாரும் அதை எடுக்கவில்லை. பழைய இரும்புக் கடைக்காரர் இரண்டு முறை வந்து விலை கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

மூன்று கேள்விகள். உங்கள் பழைய கார் கிளப்பில் கோடை முழுக்க அப்படி என்னதான் செய்கிறீர்கள்? இதெல்லாம் காசு உள்ளவர்களின் பொழுதுபோக்கு, கூடவே வெள்ளைக்காரர்களின் பழம்பெருமை என்கிறான் என் நண்பன். உங்களுக்கு அப்படித் தோன்றியதில்லையா? கடைசியாக, அப்பாவின் காரை நான் என்ன செய்வது?

எஸ்., செங்கல்பட்டு

அன்புள்ள எஸ்.,

முதலில் ஒன்று, இரும்புக் கடைக்காரரிடம் இப்போதைக்கு எந்த வார்த்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் வண்டிக்கும் என் வண்டிக்கும் பிறந்த வீடு ஒன்றுதான். நான் இருப்பது இங்கிலாந்தில், கவன்ட்ரிக்குப் பக்கத்தில். 1959-ல் ஹெரால்டு வெளிவந்தது இந்த ஊர் கேன்லி தொழிற்சாலையில் இருந்து, அதன் உடலை வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். 1961-ல் வண்டலூரில் அதையே ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் செய்ய ஆரம்பித்தார்கள். ஆனால் இங்கே கடைசிவரை நான்கு கதவு ஹெரால்டு வரவே இல்லை. அது நம் ஊரில் மட்டும் செய்யப்பட்டது. இரண்டு வருஷம் முன்பு கிளப்பில் வண்டலூர் நான்கு கதவு வண்டியின் படம் ஒன்றைக் காட்டினேன், நாற்பது வருஷமாக ஹெரால்டு வைத்திருக்கிற ஒருவர் என் கையிலிருந்து போனை வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கி, பின்கதவின் கீல் எந்தத் தூணில் உட்கார்ந்திருக்கிறது என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். உங்கள் ஷெட்டில் இருப்பது அந்த வண்டி.

சரி, கோடைக்கு வருகிறேன். இங்கே குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் அடிப்பக்கம் தெறித்து சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, தின்றுவிடும். அதனால் நவம்பரில் ஷெட்டுக்குள் போகிற வண்டி, மழை வந்து சாலையை நன்றாகக் கழுவிய பிறகுதான் வெளியே வரும். ஏப்ரல் 23-ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையில் நாடு முழுக்கப் பழைய வண்டிகளை எடுத்து ஓட்டுவார்கள். 1900-ல் அந்தத் தேதியில் லண்டனில் கிளம்பி எடின்பரோ வரை போய்த் திரும்பிய ஆயிரம் மைல் ஓட்டத்தின் நினைவாக அது. அங்கிருந்து செப்டம்பர் வரை எங்களுக்கு ஓய்வே கிடையாது.

ஜூனில் இங்கே ராத்திரி ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏதாவது ஒரு கிராமத்து பப்பின் கார் நிறுத்தத்தில் கூடுவோம். மோரிஸ் மைனர், எம்ஜிபி, பழைய மினி, எப்போதாவது ஓர் ஆஸ்டின் செவன் என்று வரும். பானட்டைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருப்போம், பாதிப் பேர் குடிக்கக்கூட மாட்டார்கள், ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டுமே. மாதம் ஒரு ஞாயிறு நீண்ட பயணம், பெரும்பாலும் ரோமானியர்கள் போட்ட ஃபாஸ் வே சாலையைப் பிடித்து காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகள் பக்கம். வருஷத்துக்கு ஒரு முறை புதையல் வேட்டை உண்டு. கையில் ஒரு தாளைக் கொடுத்துவிடுவார்கள், தேவாலயத்துக் கடிகாரத்துக்குக் கீழே என்ன வருஷம் பொறித்திருக்கிறது என்கிற மாதிரிக் கேள்விகள், விடை தேடிக்கொண்டே நாற்பது மைல் சுற்ற வேண்டும். வேகத்துக்கு மதிப்பெண் கிடையாது. ஜெயித்தவர்தான் அடுத்த வருஷத்துக் கேள்விகளைத் தயாரிக்க வேண்டும். கிராமத் திருவிழா, பள்ளிக்கூட விழா என்று கூப்பிட்டால் போய் நிற்போம். முதியோர் இல்லங்களுக்குப் போய் அங்கே இருப்பவர்களை ஒரு சுற்று அழைத்துப் போவோம். அதற்கு ஹெரால்டு மாதிரி வண்டி கிடையாது, இரண்டே கதவு என்பதால் கதவு அகலம், முழங்கால் வலிக்காரர்கூடச் சிரமப்படாமல் உட்கார்ந்துவிடலாம். போன வருஷம் வந்த அம்மா ஒருவர் வழி முழுக்க ஒன்றும் பேசவில்லை, ஜன்னல் கண்ணாடியின் கைப்பிடியைச் சுற்றி இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். இறங்கும்போது நாளைக்கும் வருவீர்களா என்று கேட்டார்.

போன ஜூலையில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போர்ட்டன் ஆன் த வாட்டர் என்ற ஊர், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், நல்ல வெயில், வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகர்கின்றன. என் வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. எஞ்சின் சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்பால் இழுக்க முடியாது. 2021 செப்டம்பரில் இருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள், அது இன்னும் சீக்கிரம் ஆவியாகும், ஆகவே நாங்கள் விலை கூடினாலும் எத்தனால் குறைந்த பெட்ரோல்தான் போடுகிறோம், அன்று அதுவும் போதவில்லை. பின்னால் வந்த எங்கள் மூன்று வண்டிகளும் ஓரம் கட்டின. யாரும் முந்திப் போகவில்லை, நின்றுபோன வண்டியைத் தாண்டி யாரும் போகக்கூடாது என்பதுதான் எங்கள் கிளப்பில் இருக்கிற ஒரே கண்டிப்பான விதி. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் டிக்கியில் இருந்து ஏழெட்டு மரத் துணிக்கிளிப்புகளை எடுத்து வந்தார். பெட்ரோல் குழாயில் வரிசையாக மாட்டினார், பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றினார், கால் மணி நேரம் கழித்துப் பம்பின் அடியில் இருக்கிற சின்ன நெம்புகோலைக் கையால் பத்துத் தடவை தட்டச் சொன்னார். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வந்தது, வண்டி கிளம்பியது. கிளிப்புகள் உண்மையிலேயே சூட்டைக் குறைக்கின்றனவா என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஈரத்துணியும் அந்தக் கால் மணி நேரமும்தான் வேலை செய்தன என்று நினைக்கிறேன். ஆனால் அந்த நெம்புகோல் அங்கே இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும், அதுவும் ஆறு வருஷம் அந்த வண்டியை ஓட்டிய பிறகு.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். நீங்கள் படத்தில் பார்த்தது துடைத்து நிறுத்திய கார்களை. எனக்கு அந்த வரிசை முக்கியமில்லை. வண்டியை ஓட்ட வேண்டும், ஓடினால் நிற்கும், நின்றால் தெரிந்தவர் ஒருவர் குனிந்து தெரியாதவருக்குக் காட்டிக் கொடுப்பார். கோடையில் நாங்கள் செய்கிற எல்லாமே சுற்றி வளைத்து அதற்காகத்தான்.

இனி உங்கள் நண்பர் சொன்னது. காசு விஷயத்தில் அவர் சொல்வது சரியில்லை. விலை உயர்ந்த ஜாகுவார் இ-டைப் வைத்திருக்கிற இரண்டு பேர் எங்களில் உண்டு, மற்றவர்கள் தபால்காரர், நர்ஸ், பள்ளி ஆசிரியர். எங்கள் வருஷச் சந்தா, பப்பில் இரண்டு பேர் மதியம் சாப்பிடுகிற செலவைவிடக் குறைவு. நாற்பது வருஷம் கடந்த வண்டிக்கு இங்கே சாலை வரியும் கிடையாது.

பழம்பெருமை விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். கொடித் தோரணம், அந்தக் காலம் போல வருமா என்ற பேச்சு, எல்லாம் உண்டு, சில விழாக்களில் எனக்கே சங்கடமாக இருந்திருக்கிறது. ஆனால் இதையும் சேர்த்துப் பாருங்கள். ஆபிங்டன் என்ற ஊரில் எம்ஜி கார் தொழிற்சாலை மூடப்பட்டதும், கேன்லியில் கார் பூட்டுவது நின்றதும் ஒரே வருஷத்தில், 1980-ல். கேன்லியில் வேலை பார்த்த ஒருவர் எங்கள் கிளப்பில் இருக்கிறார். ஒவ்வொரு மே மாதமும் ஒரு சனிக்கிழமை அவர் வீட்டு கேரேஜில் கூடி வேலை பார்ப்போம். அன்றைக்கு அவர் சாம்ராஜ்யத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. டிரனியனைப் பற்றிப் பேசுவார்.

இது உங்களுக்கு நேரடியாகத் தேவைப்படும். ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனையில் மரை இருக்கும், அது டிரனியன் என்கிற பித்தளைத் துண்டுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை சுழலும். அதற்குப் போட வேண்டியது கியர் எண்ணெய், தொண்ணூறு நம்பர். கம்பெனிக் கையேட்டிலேயே அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பார்ப்பவர் எல்லாம் கிரீஸை அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரைக்குள் இறங்காமல் இறுகி நிற்கும், உள்ளே தண்ணீர் போய்த் துருப்பிடிக்கும், ஒருநாள் வண்டியை நிறுத்துவதற்காக ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது தண்டு முறிந்து, சக்கரம் மடிந்து, வண்டி முழங்காலிட்டு உட்கார்ந்துவிடும். அந்தக் கேன்லிக்காரர் கிரீஸ் கன்னில் எண்ணெயை நிரப்பி, மேல்பக்கம் பழைய கறுப்பு எண்ணெய் கசிந்து வரும்வரை அடித்துக்கொண்டே இருப்பார், அந்தக் கறுப்பை விரலில் தொட்டு எங்கள் எல்லோருக்கும் காட்டுவார். ஹெரால்டின் பானட் மொத்தமாக முன்னால் கவிழ்ந்துவிடும் என்பதால் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம். அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது, இப்போதும் அங்கேதான் உட்காருகிறார்.

இனி உங்கள் கார். சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்க ஆசை வரும், செய்யாதீர்கள். பதினோரு வருஷம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு வாரம் ஊறட்டும், அப்புறம் டாப் கியரில் போட்டு வண்டியை மெதுவாக முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். டாங்கில் இருக்கிற பழைய பெட்ரோலை முழுக்க இறக்கிவிடுங்கள். ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், இப்போது உங்கள் ஊர் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம், பழைய ரப்பர் தாங்காது. பிரேக்கைச் சரிபார்க்காமல் ஒரு அடிகூட ஓட்டக் கூடாது. அப்பாவின் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி வையுங்கள், ஐம்பது வருஷம் கடந்த வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-ல் விதி வந்திருக்கிறது, தினசரி உபயோகத்துக்கு ஓட்ட முடியாது, ஆனால் வண்டி சட்டப்படி உயிரோடு இருக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வண்டலூர் தொழிற்சாலை மூடியது 1980-களின் கடைசியில். அங்கே ஃபிட்டராக இருந்தவர்கள், வெளியே ஒர்க்‌ஷாப் வைத்து ஹெரால்டு பார்த்தவர்கள், தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் இன்னும் சிலராவது இருப்பார்கள். பழைய ஸ்பேர் கடைகளில் கேளுங்கள், டீக்கடையில் கேளுங்கள், உங்கள் அப்பா யாரிடம் வண்டியை விட்டார் என்று அம்மாவிடம் கேளுங்கள். ஒருவர் கிடைத்தால் வீட்டுக்கு அழைத்து வந்து, தார்ப்பாயை விலக்கி, பானட்டைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். டிரனியனுக்கு என்ன ஊற்றுவீர்கள் என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள். கதவுகளுக்குக் கீழே, சேஸிஸில் இருந்து பக்கவாட்டில் நீளும் கைகளை டார்ச் அடித்து நான்கு மூலையிலும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஹெரால்டில் முதலில் துருப்பிடிப்பது அங்கேதான். கேன்லிக்காரரிடம் காட்டுகிறேன்.