லேக்கா, இழுவையா, ஜவ்வா? சமீபத்திய சில படங்களுக்கு என் சுருக்கத் தீர்ப்புகள்

கேள்வி: “சுயாதீனப் படங்கள், பெரிய ஹீரோ படங்கள் இரண்டையும் விடாமல் பார்க்கிறீர்கள். சமீப வருடங்களில் வந்தவற்றுக்கு ஓரிரு வரியில் தீர்ப்புச் சொல்லுங்களேன். கலைப்படம் என்றாலே இழுவைதானா?”

பின்பாதியில் இருந்து தொடங்குகிறேன். அதில் எனக்கு ஒரு பழைய பாவக் கணக்கு இருக்கிறது.

பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ படத்தை முதல் முறை பார்த்துவிட்டு, குறிப்பு நோட்டில் “நல்ல குறும்படம், 75 நிமிடத்துக்கு இழுத்துவிட்டார்கள்” என்று எழுதி வைத்தேன். 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கிய படம் என்று தெரிந்தேதான் எழுதினேன் (விருதுப் படம் என்றால் கொஞ்சம் முறைத்தபடியே உட்காரும் வியாதி எனக்கு உண்டு). கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன மனைவியைக் கூட்டிவர, குடிகாரத் தகப்பன் மகனையும் இழுத்துக்கொண்டு கிளம்புகிறான். திரும்பும்போது பஸ்ஸுக்கு வைத்திருந்த பணத்தைப் பையன் கிழித்துப் போட்டுவிடுகிறான். அப்புறம் வெயில், பொட்டல், நடை. தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொள்கிறான். வீடு வந்ததும் அந்தக் கல்லை ஓரிடத்தில் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே இதே மாதிரிக் கற்கள் குவிந்து கிடக்கின்றன. எத்தனை முறை இப்படி நடந்திருப்பான் என்று அந்தக் குவியலே சொல்லிவிடுகிறது.

இரண்டாம் முறை பார்த்தபோதுதான் கடைசி ஷாட் என்னை உதைத்தது. தோண்டிய குழியில் துளித்துளியாக ஊறும் தண்ணீரை மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள் பெண்கள். கேமரா அவசரப்படவே இல்லை. குடம் நிரம்பும் வேகம்தான் ஷாட்டின் வேகம். எனக்கு இழுவையாகப் பட்டது அந்த ஊர்ப் பெண்களின் காலை நேரம். நோட்டில் எழுதியதை அடிக்கவில்லை. பக்கத்திலேயே “மடையா” என்று எழுதினேன். அன்றிலிருந்து ஒரு படம் நீளமாகத் தெரிந்தால், இந்த நிமிடங்கள் யாருடையவை என்று கேட்டுப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. கீழே வரும் தீர்ப்புகள் எல்லாம் அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

‘கொட்டுக்காளி’ (2024), மறுபடியும் வினோத்ராஜ். பேய் பிடித்துவிட்டது, எவனோ மருந்து வைத்துவிட்டான் என்று சொல்லி ஒரு பெண்ணை ஆட்டோவில் ஏற்றிச் சாமியாரிடம் கூட்டிப் போகிறார்கள், கூடவே ஒரு சேவலும். பின்னணி இசை கிடையாது. இரண்டு மணி நேரம்கூட ஓடாத படம். நான் பார்த்த காட்சியில் பின்வரிசையில் ஒருத்தர், “டேய், ஆட்டோவைச் சீக்கிரம் ஓட்டுங்கடா” என்று சத்தமே போட்டுவிட்டார். தியேட்டர் சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அந்த அண்ணனுக்கு வந்த எரிச்சல் படத்துக்குக் கிடைத்த வெற்றி என்றுதான் சொல்வேன். ஆட்டோவுக்குள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் அன்னா பென்னுக்கும் அந்தப் பயணம் முடியத்தானே மாட்டேன் என்கிறது? சூரிக்குத் தொண்டை கட்டி, கழுத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, கீறல் விழுந்த குரலோடு படம் முழுக்க அதிகாரம் செய்கிறார். பேச்சே வராத ஆள்தான் அத்தனை பேரையும் அதட்டுகிறான். வழியில் ஒரு காளை மறித்து நிற்கும்போது மீசைக்காரர்கள் எல்லாம் ஒதுங்க, ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். முடிவைத் திறந்து விட்டதில் மட்டும் எனக்கு இன்னும் அரை மனதுதான். தீர்ப்பு: அந்த வருடத்தின் சிறந்த தமிழ்ப் படம். ஆனால் அலுத்துக் களைத்த ஒரு நாளின் ராத்திரியில் போடாதீர்கள், படத்தின் மேல் பழி வரும்.

அதே நாளில், ஆகஸ்ட் 23-இல், மாரி செல்வராஜின் ‘வாழை’யும் வந்தது. பள்ளி விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்கும் பையன். ரஜினியா கமலா என்று நண்பனோடு ஓயாத சண்டை. டீச்சர் மேல் ஒரு மயக்கம். இந்தப் பகுதிகள் அத்தனையும் தங்கம். தார் சுமந்து கழுத்து வலிக்கும் பையனின் முகத்தை வைத்துக்கொண்டே முழுப் படத்தையும் எடுத்திருக்கலாம். கடைசி அரை மணியில் இசை எனக்கு முன்பே அழ ஆரம்பித்துவிட்டது. நான் அழத் தயாராகத்தான் இருந்தேன், கொஞ்சம் விட்டிருக்கலாம். இந்த இரண்டு படங்களையும் மோதவிட்டு, “எது உண்மையான சினிமா” என்று அப்போது நடந்த பஞ்சாயத்து வெட்டி வேலை. ‘கொட்டுக்காளி’யைத் தியேட்டருக்கே கொண்டுவந்திருக்கக் கூடாது என்று சினிமாவுக்குள் இருப்பவர்களே பேசியது அதைவிட மோசம்.

பெரிய படங்களுக்கு வருவோம். ‘இந்தியன் 2’ மூன்று மணி நேரம். வெளியான பிறகு 12 நிமிடம் குறைத்தார்கள். குறைத்தும் குறையவில்லை. அந்த நிமிடங்களில் யாரும் வாழவில்லை, எல்லாரும் ஒருவருக்கொருவர் செய்தி வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

‘கங்குவா’: காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

‘மகாராஜா’வுக்கு இரண்டு தீர்ப்பு. எடிட்டிங்கில் இது பாடம். வெவ்வேறு காலத்தில் நடப்பதை ஒரே காலத்தில் நடப்பதாக நம்ப வைக்கிற வேலை, இரண்டாம் முறை பார்க்கும்போதும் எந்த இடத்திலும் பொய் சொல்லாமல் நிற்கிறது. நித்திலன் சாமிநாதனுக்குக் கைகொடுக்கலாம். ஆனால் ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையைத் திருப்பத்துக்கான சாவியாகப் பொத்தி வைத்து, கடைசியில் எடுத்து நீட்டுவது எனக்குச் செரிக்கவே இல்லை. கெட்டிக்காரத்தனம் கூசிப்போக வேண்டிய இடம் அது.

‘லப்பர் பந்து’: இந்த வரிசையில் ரெண்டாவது முறையும் குடும்பத்தோடு போன ஒரே படம். அட்டகத்தி தினேஷ் கிரிக்கெட் மட்டையோடு நடந்து வரும்போது அந்த விஜயகாந்த் பாட்டு கேட்டதுமே பாதிப் படம் ஜெயித்துவிட்டது. யாரை டீமில் சேர்ப்பது, யாரை உட்கார வைப்பது என்பதற்குள் சாதி எப்படி ஒளிந்துகொள்கிறது என்பதைப் பிரசங்கம் இல்லாமல் காட்டியதில் மீதி. வெகுஜன சினிமா ஒழுங்காகச் செய்தால் இப்படி இருக்கும்.

இப்போது ‘மெய்யழகன்’. இதில்தான் என் நண்பர்களோடு அதிகம் சண்டை போட்டிருக்கிறேன். 2 மணி 57 நிமிடமாக வந்தது. சில நாளில் 18 நிமிடம் வெட்டினார்கள். நான் வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். சொந்த ஊரை விட்டுப் போன அருள்மொழி பல வருடம் கழித்துத் தங்கையின் கல்யாணத்துக்கு வருகிறான். மேடையில் பரிசுப் பெட்டியைப் பிரித்து, தங்கைக்கு ஒவ்வொரு நகையாகத் தானே போட்டுவிட்டு, குனிந்து கொலுசும் மாட்டுகிறான். அரவிந்த்சாமியின் கை நிதானமாக வேலை செய்ய, அந்தப் பெண்ணின் முகம் உடைந்துகொண்டே வரும். இயக்குநர் பிரேம்குமார் அந்த இடத்தில் கத்திரியை எடுக்கவே இல்லை. அப்புறம் “அத்தான், அத்தான்” என்று விடாமல் ஒட்டிக்கொள்ளும் கார்த்தி. இவன் யார், பெயர் என்ன என்று தெரியாமலே ஒரு ராத்திரி முழுக்க உறவு கொண்டாட வேண்டிய சங்கடம். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் எனக்கு இது நடந்திருக்கிறது, உங்களுக்கும் நடந்திருக்கும். அந்தச் சங்கடம் பாசமாக மாற ஒரு ராத்திரி வேண்டும். இரண்டே காட்சியில் மாறினால் நம்ப முடியுமா? ராத்திரிப் பேச்சு வரலாற்று வகுப்பாகப் போகும் இடங்களில் நானும் நெளிந்தேன், மறுக்கவில்லை. ஆனாலும் விருந்தாளி கொஞ்சம் அதிகம் பேசுகிறார் என்பதற்காகச் சாப்பாட்டின் நடுவில் இலையை எடுக்கலாமா?

தமிழுக்கு வெளியில் வந்தவற்றைச் சுருக்கமாக முடிக்கிறேன். பாயல் கபாடியாவின் ‘ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்’, 2024 கான் திரைப்பட விழாவில் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரி வாங்கியது. முப்பது வருடம் கழித்து அங்கே முதன்மைப் போட்டிக்குப் போன இந்தியப் படம். மும்பையில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸுக்கு, ஜெர்மனியில் இருக்கும் கணவனிடமிருந்து பேச்சு மூச்சில்லை. திடீரென்று ஒரு ரைஸ் குக்கர் மட்டும் வந்து சேர்கிறது. ராத்திரியில் நர்ஸாக வரும் கனி குஸ்ருதி தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொள்கிறார். அந்த ஒரு ஷாட்டுக்காகவே படத்தை இரண்டு முறை பார்த்தேன். கடற்கரை ஊருக்குப் போன பிறகு வரும் மாயம் எனக்குப் பாதிதான் ஒட்டியது.

‘ஃப்ளோ’: லாட்வியப் படம், வசனமே கிடையாது, வெள்ளத்தில் ஒரு பூனை. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்து ஆஸ்கர் வரை போனார்கள். பிள்ளைகளோடு பாருங்கள்.

‘அனோரா’: கடைசிக் கார் காட்சியும் அந்த மௌனமும் பிரமாதம், அதுவரை வரும் கூச்சலில் கால்வாசியைக் குறைத்திருக்கலாம்.

‘தி புருட்டலிஸ்ட்’: ஒரு கட்டடக் கலைஞரின் கதை, 3 மணி 35 நிமிடம், அதற்குள்ளேயே 15 நிமிட இடைவேளை. ஆங்கில விமர்சகர்கள் இடைவேளையைப் பெரிய அதிசயமாக எழுதியதைப் படித்துச் சிரித்துக்கொண்டேன். முன்பாதி கட்டடம், பின்பாதி விரிசல்.

கடைசியாக, மறுபடி தமிழுக்கு. ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ (2025): சிம்ரனும் சசிகுமாரும் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிடுகிறார்கள். அவர்கள் குடியேறும் தெருவில் ஒருத்தராவது கடைசிவரை கெட்டவராகவே இருந்திருக்கலாம். இதை என் அம்மாவிடம் சொன்னேன். “உனக்கு யாராவது நல்லா இருந்தாலே பிடிக்காது” என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.