டோக்கியோ எரிந்த இரவு: கேள்வி பதில்

1945 மார்ச் 9 இரவு விடிந்து 10 ஆவதற்குள் டோக்கியோ மீது அமெரிக்க விமானங்கள் நடத்திய தீக்குண்டு வீச்சைப் பற்றி வந்த கேள்விகள் இவை. குண்டுக்குக் கீழே இருந்தவர்களைப் பற்றித்தான் நான் படித்து வருகிறேன். விமான ரகம், வேகம் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும்.

மதுரை வாசகர்: அணுகுண்டுக்கு முன்பே அவ்வளவு பேர் இறந்தார்களா சார்?

ஆமாம். ஒரே இரவில் ஏறக்குறைய 1,00,000 பேர். 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். சுமார் 41 சதுர கிலோமீட்டர் சாம்பலானது. ஆனால் யார் எண்ணியது என்று கேட்காமல் எந்தச் சாவுக் கணக்கையும் பகிராதீர்கள். நேச நாடுகள் குண்டுபோட்ட ஜெர்மனியின் டிரெஸ்டனில் 2 லட்சம் பேர் இறந்தார்கள் என்று இன்றும் சுற்றுகிறது. அது நாஜிப் பிரசாரம் ஊதிப் பெருக்கிய எண். அந்த நகரம் அமைத்த வரலாற்றாளர் குழு 2010இல் சொன்னது, அதிகபட்சம் 25,000.

கோவை வாசகர்: தீக்குண்டு எதற்கு? தொழிற்சாலைகளைக் குறிவைத்திருக்கலாமே?

முதலில் அதைத்தான் செய்தார்கள். 9,000 மீட்டர் உயரத்திலிருந்து போட்ட குண்டுகளை மேகமும் பலத்த மேல்காற்றும் திசைமாற்றின. 1945 ஜனவரியில் அந்தக் குண்டுவீச்சுப் படைக்குப் பொறுப்பேற்ற அமெரிக்கத் தளபதி கர்டிஸ் லெமே திட்டத்தையே மாற்றினார். இரவில் போக வேண்டும், 1,500 முதல் 2,700 மீட்டர் உயரத்தில் பறக்க வேண்டும், துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டு அந்த எடைக்கும் குண்டு ஏற்ற வேண்டும்.

எம்-69 என்ற அந்தக் குண்டு சுமார் அரை மீட்டர் நீளக் குழாய். உள்ளே கூழாக்கிய பெட்ரோல், அதாவது நேபாம். 38 குழாய்கள் ஒரு கட்டு. கட்டு நடுவானில் பிரிய, ஒவ்வொரு குழாயும் பின்னால் துணியாலான வால் பறக்க, கூரையைத் துளைத்து விழும். சில விநாடிகளில் எரியும் கூழைப் பீய்ச்சும். சுவரில் பட்டால் ஒட்டிக்கொண்டு எரியும். இதைச் சோதிக்க 1943இல் யூட்டா பாலைவனத்தில் பாய் விரித்த ஜப்பானிய வீடுகளையே கட்டி எரித்துப் பார்த்தார்கள். அதனால் வீடுகள் 'தவறுதலாக' எரிந்தன என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அசாகுசா, ஹோன்ஜோ, புகாகாவா என்று மரவீடுகள் நெருக்கியடித்து நின்ற பகுதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சேலம் வாசகர்: மக்கள் ஏன் ஓடவில்லை?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஓடக் கூடாது என்று சட்டம் இருந்தது. 1937இல் வந்த வான் பாதுகாப்புச் சட்டத்தை 1941இல் திருத்தி, குடியிருப்பவர்கள் ஊரைவிட்டு வெளியேறுவதைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். தீயை அணைப்பது வீட்டுக்காரர் கடமை ஆனது. தெருவாரிக் குழுக்கள் வாளி, மணல், ஈரப்பாய் வைத்துப் பயிற்சி எடுத்தன. எதிரே வந்ததோ நேபாம்.

அன்று இரவு முதல் குண்டு 12:08க்கு விழுந்தது; அபாயச் சங்கு ஒலித்தது 12:15க்கு. காற்றும் பலமாக வீசியது. தலையைக் காக்கத் தந்த பஞ்சு முக்காடுகளில் பொறி விழுந்து தீப்பிடித்தது. சுமிதா ஆற்றின் கொத்தோதோய் பாலத்தில் இரு கரையிலிருந்தும் மக்கள் எதிர்க்கரைதான் தப்பும் என்று நம்பி ஏறினார்கள். நடுவில் முட்டிக்கொண்டு நகர முடியாமல் நின்றபோது தீ பாலத்தைக் கடந்தது. கிராமங்களுக்கு அனுப்பியிருந்த பள்ளிக் குழந்தைகளில் ஆறாம் வகுப்பினர் பலர், பள்ளி முடிப்பு விழாவுக்காக அந்த நாட்களில்தான் ஊர் திரும்பியிருந்தார்கள். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

திருச்சி வாசகர்: ஆனாலும் புத்தியுள்ளவர்கள் ஓடியிருப்பார்களே?

சேலம் நண்பருக்குச் சொன்னதைப் படியுங்கள். செத்தவர்களின் புத்தியைக் குறை சொல்லாதீர்கள்.

சென்னை வாசகர்: நம்ம ஊரில் எம்டன் போட்ட குண்டு?

அது ஜெர்மன் போர்க்கப்பல், 1914 செப்டம்பர் 22. விமானம் அல்ல. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியதும் சென்னையே காலியானது. அது தனிக் கதை.

தஞ்சாவூர் வாசகர்: ஜப்பான் சீனாவில் சோங்கிங் நகரை ஆண்டுக்கணக்கில் குண்டுபோட்டு அழித்ததே? வினை விதைத்தவன் வினை அறுத்தான்.

சோங்கிங் உண்மை. 1939 மே மாதம் இரண்டே நாளில் அங்கே ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். விதைத்தது தளபதிகள். ஹோன்ஜோவில் தாய் முதுகில் கட்டியிருந்த குழந்தை எதை விதைத்தது?

தஞ்சாவூர் வாசகர் மறுபடி: வீட்டுக்கு வீடு ஆயுதப் பட்டறை இருந்தது சார்.

சிறு பட்டறைகள் இருந்தன. லெமேயும் அதையே சொன்னார். ஆனால் வரைபடத்தில் முதலில் குறித்தது எது நன்றாக எரியும் என்பதை.

நாகர்கோவில் வாசகர்: தஞ்சாவூர்க்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது. போர் சீக்கிரம் முடிந்ததே?

அடுத்த பத்து நாளில் நகோயா, ஒசாகா, கோபே, மறுபடி நகோயா எரிந்தன. சரணடைவு அறிவிப்பு ஆகஸ்ட் 15இல் வந்தது. நடுவே ஐந்து மாதங்கள், இரண்டு அணுகுண்டுகள், சோவியத் படையெடுப்பு. எது முடித்தது என்று வரலாற்றாளர்கள் இன்றும் மோதுகிறார்கள். மார்ச் 10 முடித்தது என்று சொல்ல வழியில்லை. இந்த வாதத்தில் இன்னும் ஒன்பது கேள்விகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இதுவே பதில்.

ஈரோடு வாசகர்: இது போர்க்குற்றம் இல்லையா?

1923இல் ஹேக்கில் எழுதிய வான்போர் விதிகளை எந்த நாடும் சட்டமாக ஏற்கவில்லை. ஒரு நகரத்தையே ஒற்றை இலக்காகக் கருதிக் குண்டுபோடக் கூடாது என்று வெளிப்படையாக எழுதியது, டோக்கியோ எரிந்து வெகுகாலம் கழித்து வந்த போர்ச் சட்ட ஒப்பந்தமான 1977 ஜெனீவா கூடுதல் நெறிமுறை.

வேலூர் வாசகர்: இழப்பீடு கிடைத்ததா?

ராணுவத்தினர் குடும்பங்களுக்கு ஜப்பான் அரசு ஓய்வூதியம் தந்தது. குண்டுவீச்சில் பாதிக்கப்பட்ட சாதாரண மக்களுக்கு இல்லை. பிழைத்தவர்கள் 2007இல் வழக்குப் போட்டார்கள்; 2013இல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. லெமேவுக்கு அதே அரசு 1964இல் விருது கொடுத்தது.

புதுச்சேரி வாசகர்: டோக்கியோ போகிறேன். எங்கே பார்க்கலாம்?

யோகோஅமிச்சோ பூங்காவில், 1923 நிலநடுக்கத்தில் இறந்தவர்களுடைய அஸ்தியோடு இவர்களுடையதும் இருக்கிறது. அதற்கு முன் கோத்தோ வட்டாரத்தில் உள்ள டோக்கியோ வான்தாக்குதல் ஆவண மையத்துக்குப் போங்கள். பொதுமக்கள் தந்த நன்கொடையில் 2002இல் திறந்தது. திறக்கும் நாளையும் நேரத்தையும் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.