ஒயின் பெட்டிக்குள் மாம்பழம் வைக்கலாமா?

ஒயின் பாட்டில்களைக் குளிராக வைக்கும் மின்சாரப் பெட்டி வாங்கியிருக்கிறேன். அதன் உள்ளே எப்படிச் சுத்தம் செய்வது? வீட்டில் ஃபினாயில்தான் இருக்கிறது. (தர்மபுரி)

ஃபினாயிலைத் தொடவே தொடாதீர்கள். பிளீச்சிங் பவுடர், குளோரின் கலந்த லோஷன் எதுவுமே கூடாது. வாடைக்காக மட்டும் சொல்லவில்லை. குளோரின் பட்ட மரத்திலும் கார்க்கிலும் பூஞ்சை பிடித்தால், டிசிஏ என்ற வேதிப்பொருள் உண்டாகும். ஒரு லிட்டர் ஒயினில் அது சில நானோகிராம் கலந்தாலே, நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்துவிடும். அப்புறம் அந்தப் பாட்டிலை வாஷ்பேசினில் ஊற்ற வேண்டியதுதான்.

பிளக்கைப் பிடுங்குங்கள். பாட்டில்களை வெயில் படாத அறையில் படுக்க வையுங்கள். மே மாதத்தில் இந்த வேலை வேண்டாம், மார்கழிக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து, துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். மரத் தட்டுகளை ஊறவிடாதீர்கள், வளைந்துபோகும். அடியில் தண்ணீர் வடியும் துளை இருந்தால் பழைய பல் பிரஷால் நெருடிவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு காலியாகவே ஓடவிட்டு, 12 - 13 டிகிரிக்கு வந்ததும் பாட்டில்களை அடுக்குங்கள்.

கண்ணாடிக் கதவில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. (பாலக்கோடு)

போர்வெல் தண்ணீரில் துடைத்திருப்பீர்கள். நம் பக்கம் உப்புத் தண்ணீர், வாளியின் விளிம்பைப் பார்த்தாலே தெரியும். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, வெளிப்பக்கம் மட்டும் துடையுங்கள். அடுத்த முறையிலிருந்து ஆர்ஓ தண்ணீர்.

அம்மா மல்கோவாவையும் தோசை மாவையும் அதற்குள் வைத்துவிட்டார். பரவாயில்லையா? (காவேரிப்பட்டினம்)

அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். சீசனில் உங்கள் ஊரில் மாம்பழம் வைக்க இடமே இருக்காது! ஆனால் கார்க் லேசாக மூச்சுவிடும். புளித்த மாவு வாடையும் பழ வாடையும் மூடிய பெட்டிக்குள் வாரக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தால் ஒயினுக்கு நல்லதில்லை. ஒரு நாளோடு எடுத்துவிட்டீர்கள் என்றால் கவலை வேண்டாம். கதவைத் திறந்து காற்றாட விடுங்கள். கரி ஃபில்டர் உள்ள மாடலாக இருந்தால், ஒரு வருஷம் ஆகியிருக்கும் பட்சத்தில் அதையும் மாற்றிவிடுங்கள். அம்மாவுக்கு ஒரு சின்ன ஃபிரிட்ஜ் வாங்கித் தருவதுதான் நிரந்தரத் தீர்வு.

பெட்டி ஓயாமல் ஓடுகிறது, குளிரவே இல்லை. (பர்கூர்)

கிரானைட் பட்டறை பக்கத்தில் இருக்கிறதா? பின்பக்கக் காயிலைப் பாருங்கள், தூசி கம்பளி மாதிரி அப்பியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள். மற்றவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை செய்தால் போதும், நீங்கள் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை செய்யுங்கள். சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் நகர்த்திக் காற்றுக்கு வழி விடுங்கள்.

இதெல்லாம் செய்தும் குளிரவில்லையா? கதவு ரப்பரில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவி வந்தால் ரப்பர் போய்விட்டது.

இன்னொன்று. உங்களுடையது கம்ப்ரசர் இல்லாத மின்வெப்ப வகையாகவும் இருக்கலாம். அது அறைச் சூட்டைவிடச் சுமார் 15 டிகிரிதான் குறைக்கும். அறை 38 டிகிரியில் கொதித்தால் உள்ளே 23. அதை ரிப்பேர் செய்து ஒன்றும் ஆகாது. விலை மலிவு என்று இந்த வகையைக் கடையில் தள்ளிவிடுகிறார்கள். ஓசூர்க் குளுமைக்குச் சமாளிக்கும், பர்கூர் கோடைக்குத் தாங்காது.

கரண்ட் போனால் ஒயின் கெட்டுவிடுமா? (ஓசூர்)

இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒன்றும் ஆகாது, கதவைத் திறந்து திறந்து பார்க்காமல் இருந்தால். கரண்ட் திரும்ப வரும்போது வோல்டேஜ் எகிறுவதுதான் கம்ப்ரசருக்கு ஆபத்து. ஸ்டெபிலைசர் போட்டுவிடுங்கள்.